எந்த நூலானாலும் சரி

எங்கள் வீட்டில் குப்பைக் கூடை நிறைந்து நான் பார்த்ததே இல்லை. நிறைய விட்டால்தானே. நான் கத்தரித்துப் போடுகிற துணி ஓரம், என் கணவர் தூக்கி எறிகிற அறுந்த செருப்பு, பிள்ளைகள் உடைத்த பொம்மையின் கை, எது விழுந்தாலும் அடுத்த நிமிஷம் மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்துவிடுவாள். கூடைக்குள் குனிந்து பார்த்து, "இது யாருக்காவது ஆகும்" என்று எடுத்துக்கொண்டு போவாள். தெருவில் அவளுக்குப் பெயரே 'யாருக்காவது' என்று ஆகிவிட்டது. தபால்காரர்கூட "யாருக்காவது அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் குழம்பிப்போய் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. ஒரே வீடு, அவள் மாடி, நான் கீழ். கூடப் பிறந்தவளாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருப்பேன். ஓரகத்தியாகப் போய்விட்டதால் அனுசரித்துக்கொண்டு போகிறேன். நான் வீட்டிலேயே மிஷின் போட்டுச் சீருடை தைக்கிறவள். என் மிஷினுக்கு அடியில் விழுகிற ஒவ்வொரு துண்டுக்கும் நான் அவளிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் என் பொறுமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டையில். பேட்டை வாசலில் எடைமேடை இருக்கிறது. லாரி ஏறி நின்றால் எடை காட்டுகிற இரும்புத் தளம். பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை. அறைக்குள் ஒரு சுழல் நாற்காலி. உள்ளே வருகிற லாரியையும் வெளியே போகிற லாரியையும் நிறுத்தி, எடை பார்த்து, சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். பேட்டை முதலாளிகள் சங்கம் அவளுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். கொடுக்காத வேலை ஒன்றையும் அவளாகவே எடுத்துக்கொண்டாள். குப்பை மேட்டுக்குப் போகிற லாரி வந்து நின்றதும் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, உள்ளே என்ன போகிறது என்று எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு இறங்கி வந்து போனை எடுப்பாள். டிரைவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது, அவர்களே கதவைத் திறந்துவிட்டு, "பாருங்கக்கா" என்று பீடி பற்றவைக்கப் போய்விடுவார்கள்.

செருப்புக் கம்பெனியின் ஸ்பாஞ்சு வெட்டு, நாய்க் காப்பகத்துக்கு மெத்தையானது. மருந்துக் கடைகளுக்கு வருகிற தெர்மாகோல் பெட்டி, நாற்று வளர்க்கிறவரின் மாடிக்குப் போனது. கேபிள் சுற்றி வருகிற பெரிய மர உருளைகள் பாலர் பள்ளியில் மேஜையாக நின்றன. தப்பான நிறத்தில் அச்சான திரைச்சீலை முழுவதும் ஒரு நாடகக் குழுவுக்குக் கிடைத்து, அவர்கள் அந்த வருஷம் போட்ட எல்லா நாடகத்திலும் வானம் ஊதா நிறமாக இருந்தது.

இதில் அவளுக்கென்று ஒரு தந்திரம் இருந்தது. எதையும் "சும்மா தர்றோம்" என்று சொல்லவே மாட்டாள். சும்மா என்றால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும், ஏதோ சொத்தையைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள் என்பாள். அதனால் போனில் இப்படித்தான் ஆரம்பிப்பாள்: "ஒரு நல்ல சரக்கு வந்திருக்கு. இன்னொருத்தர் கேட்டிருக்கார். அவருக்குத்தான் குடுக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம குடுத்தா நல்லா இருக்காதேன்னு..." அவ்வளவுதான். அந்தப் பக்கம் இருப்பவர் செருப்பைப் போட மறந்து ஓடி வருவார். அந்த இன்னொருத்தரை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஸ்பாஞ்சு, தகரம், கண்ணாடித் துண்டு, மரத்தூள் என்று உலகத்தில் எல்லாவற்றின்மேலும் ஆசை வைத்த அப்படி ஒரு மனுஷன் இருக்கவும் முடியாது. கூசாமல் அளந்து விடுவாள். எடைமேடையில் உட்கார்ந்திருப்பவள், அளப்பதற்குக் கேட்க வேண்டுமா?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முட்டை விஷயம் வரும்வரை. சோப்புக் கம்பெனி ஒன்று மிஞ்சிப்போன மரத்தூளை வெளியே தள்ளியது. அக்கா அதைக் கோழிப் பண்ணைக்குத் திருப்பிவிட்டாள். கூண்டுக்கு அடியில் பரப்ப நல்லது என்று பண்ணைக்காரருக்கும் சந்தோஷம். மரத்தூளில் எலுமிச்சை வாசனைத் தைலம் ஊறியிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுகமாகவே இருந்தன. முட்டைதான் உடைத்தால் குளியலறை வாசனை அடித்தது. வாங்கினவர்கள் பண்ணைக்காரரைப் பிடித்தார்கள், பண்ணைக்காரர் சங்கத் தலைவரைப் பிடித்தார்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துண்டு நெய்கிற பெரிய ஆலை அவருடையது. குளித்துத் துவட்டுகிற துண்டு, முகம் துடைக்கிற துண்டு, எல்லாம். நல்ல மனுஷர்தான், ஆனால் தன்னைப் பற்றிய நினைப்பு கொஞ்சம் தூக்கல். தன் வாழ்க்கையைத் தானே எழுதி, கெட்டி அட்டை போட்டு, அட்டை முழுக்கத் தன் முகத்தை அச்சடித்து, பொன் எழுத்தில் 'துடைத்தேன், உயர்ந்தேன்' என்று தலைப்புக் கொடுத்து வெளியிட்டவர். பேட்டையில் அந்தப் புத்தகம் இல்லாத வீடு கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டு. என் மிஷின் ஆடாமல் நிற்பது அதன் புண்ணியத்தில்தான்.

அவர் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாராம், கோபப்படாமல்: எடை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லை செய்துதான் தீருவேன் என்றால் செய்யுங்கள், ஆனால் வெளியாள் யாராவது இன்னொரு புகார் கொண்டுவந்து சங்கக் கூட்டத்தில் நின்றால் அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைக்க வேண்டியிருக்கும்.

நாற்காலி போனால் அவள் எங்கே போவாள்? வீட்டுக்குத்தான் வருவாள், என் தலைமேல்தான் உட்காருவாள். அப்படி ஒரு காலம் ஏற்கெனவே இருந்தது. முன்பு அவள் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தாள். அந்தக் கம்பெனி ஆள் குறைப்புச் செய்தபோது 'தேவைக்கு அதிகமானவர்' என்று காகிதத்தில் அடித்துக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த நாட்களில் அவள் என் பொத்தான்களை நிறம் வாரியாகப் பிரித்தாள், பிறகு ஓட்டை வாரியாகப் பிரித்தாள், பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. என் நிம்மதிக்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எச்சரிக்கையின் சூடு ஆறுவதற்குள் நூல் விவகாரம் வந்தது.

தலைவரின் ஆலையில் சாயத் துண்டு நெய்வதை நிறுத்தியிருந்தார்கள். மிஞ்சிய நூல் கூம்பு கூம்பாக, சிலது சிக்குப் பிடித்த கட்டுகளாக, ஒரு கொட்டகையை அடைத்துக்கொண்டு கிடந்தது. முட்டைக்குப் பிறகு தன் மதிப்பைத் தூக்கி நிறுத்த இதுதான் வழி என்று அக்கா முடிவு செய்தாள். தலைவர் சரக்கையே நல்ல இடத்தில் சேர்த்துவிட்டால் அவர் வாயை மூடலாம் அல்லவா. எழுந்தால் நூல், உட்கார்ந்தால் நூல் என்று இருந்தாள். தைத்த சீருடையைப் பேட்டையில் கொடுத்துவிட்டு நான் அவள் அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது. அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். பேசுகிறவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட நேரம் பார்த்து மேடைமேல் நின்ற லாரி ஹாரன் அடித்தது. மறுபடி கேட்டால் மரியாதையாக இருக்காது என்று அக்கா விட்டுவிட்டாள்.

"தங்களிடம் தேவைக்கு மிஞ்சிய பொருள்கள் கிடைக்கும் எனக் கேள்வியுற்றேன்" என்றது ஓர் ஆண் குரல். நாம் மேடையில்கூட இப்படிப் பேச மாட்டோம். "எங்களுக்கு நூல் வேண்டும்."

அக்கா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். "இருக்கு சார். ஆனா புதுசு இல்ல, மிச்சம்தான்."

"பழைய நூல்களே போதும். எந்த நூலானாலும் சரி."

"தடியா வேணுமா, மெல்லிசா வேணுமா?"

"இரண்டுமே தேவை. தடித்த நூல்களுக்கு வரவேற்பு சற்று அதிகம்."

"சிலது பிரிஞ்சிருக்கும் சார்."

"பிரிந்திருந்தால் நாங்களே கட்டிக்கொள்வோம்."

"இன்னொண்ணும் சொல்லிடுறேன், பின்னாடி குறை சொல்லக் கூடாது. கொஞ்சம் சிக்கலா இருக்கும்."

"அம்மையீர், சிக்கலான நூல்களைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். பொறுமையாக அமர்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் அன்பர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "என்ன மனுஷன்டி" என்றாள். நானும் உருகித்தான் போனேன். மிஷின்காரிக்குச் சிக்கெடுக்கிறவர்கள் தெய்வம் மாதிரி. இன்னொருத்தரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவள் கொடுத்த முதல் சரக்கு அதுதான்.

அவர் தெருவும் கதவு எண்ணும் மட்டும்தான் சொல்லியிருந்தார்; லாரி போய்ச் சேர்ந்த இடம் மேற்குத் தெரு நூலகம். நூலகர் சாப்பிடப் போயிருந்த நேரம். கூட்டிப் பெருக்குகிற அம்மாள் மட்டும் இருந்தாள். எங்கே இறக்குவது என்று கேட்டதற்கு, மேஜை காலியாகத்தானே இருக்கிறது என்று காட்டிவிட்டாள். அவர் திரும்பி வந்தபோது வாசிக்கிற மேஜை பூராவும் நீலமும் சிவப்புமாக நூல் கூம்பு, கூரை தொடுகிற அளவுக்கு. அகராதி வைத்திருந்த அலமாரியைச் சுற்றிப் பச்சை நூல். தெருப் பூனை ஒன்று அதற்குள் புகுந்து வெளியே வர வழி தெரியாமல் கத்திக்கொண்டிருந்ததாம்.

அவர் நேராக எடைமேடைக்கே வந்தார். ஒல்லியான மனுஷர், சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். பையிலிருந்து ஒரு கூம்பை எடுத்து மேஜைமேல் வைத்து, இது என்ன என்று கேட்டார். நூல் என்றாள் அக்கா. நான் கேட்டது நூல் என்றார் அவர். இதுவும் நூல்தானே சார் என்றாள் அவள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் விளங்கியது அக்காவுக்குத்தான். விளங்கியதும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாற்காலியே உருண்டு போகிற அளவுக்குச் சிரித்துவிட்டாள்.

கெட்டது குடி. தன் நூலகத்தை நகைப்புக்கிடமாக்கியது போதாது என்று முகத்துக்கு நேரே நகைக்கவும் செய்கிறீர்களா என்று அவர் கேட்டார். அடுத்த சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று பேசுவேன் என்று சொல்லிவிட்டுக் கூம்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் என் வழக்கப்படி வாங்கு வாங்கு என்று வாங்கினேன். உலகமே புஸ்தகம் என்று சொல்லும்போது நூல் என்று சொன்ன அந்த ஆளையும் சேர்த்துத் திட்டினேன். கடைசியில் மெதுவாக, "அந்த நாற்காலி போயிடுச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?" என்றாள். எனக்குத் திட்டு நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்தப் படியில்தான் தெரிந்தது. அவளிடம் மட்டும் இதுவரை சொல்லவில்லை, சொன்னால் தலைமேல் ஏறி உட்காருவாள்.

மறுநாள் இரண்டு பேருமாக நூலகத்துக்குப் போனோம், மன்னிப்புக் கேட்க. நூலகர் முகம் கொடுக்கவில்லை. ஆனால் நூல் கூம்புகளை எடுத்து அடுக்க இடம் தேடிக் கொல்லைப்புற அறையைத் திறந்தார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை புத்தகங்கள். ஒன்றுக்கும் முதுகு இல்லை. தாள் தாளாகக் கழன்று, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். படித்துப் படித்தே பிரிந்துபோனவை, தைத்து அட்டை போட ஆளும் இல்லை, வழியும் இல்லை, வெளியே கொடுக்கவும் முடியாது, எறியவும் மனம் வரவில்லை என்றார். அதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. வேறு புத்தகங்களுக்கு அவர் ஊர் ஊராகப் போன் போட்டுக் கெஞ்சியது இதனால்தான்.

நான் ஒரு கட்டை எடுத்துப் பார்த்தேன். மடித்த தாள்களை நடுவில் தைத்தால் நின்றுவிடும். துண்டு நெய்கிற பருத்தி நூலை இரட்டையாக முறுக்கி மெழுகு தடவினால் அதைவிட நல்ல நூல் இதற்குக் கிடையாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னேன்: "நூல் தப்பா வரல சார். நூலுக்கு நூல் சரியாத்தான் வந்திருக்கு."

நூலகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் மேல் பொத்தானைக் கழற்றினார். தைத்தால் மட்டும் போதாதே, கெட்டி அட்டைக்கு எங்கே போவது என்றார். அட்டை வந்தால் புகார் இல்லை, வராவிட்டால் கூட்டத்தில் பேசுவேன், இதுதான் பேச்சு. அக்கா தயங்காமல் அட்டைக்குத் தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். எங்கிருந்து என்று அவளுக்கே தெரியாது. வழியெல்லாம் நான் அவளைப் பிடுங்கி எடுத்தேன்.

பேட்டையில் கேட்காத இடம் இல்லை. கிடைத்ததெல்லாம் பழப்பெட்டி அட்டை, மழை பட்டால் கூழாகிவிடும். கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு காலை, தலைவர் ஆலை லாரி ஒன்று மேடைமேல் ஏறியது. தார்ப்பாய் போட்டு நான்கு பக்கமும் இறுகக் கட்டியிருந்தது. என்ன சரக்கு என்றதற்கு டிரைவர் எங்கோ பார்த்துக்கொண்டு பஞ்சுத் தூசி என்றார். அக்கா எடையைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அந்த லாரியில் தலைகீழாக நின்று அமுக்கி நிரப்பினாலும் பஞ்சுத் தூசி அந்த எடையில் பாதிகூட வராது. முக்காலியைப் போட்டு ஏறினாள். டிரைவர் வேண்டாங்கக்கா, வேண்டாங்கக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தார்ப்பாயைத் தூக்கினால் தலைவர். அடுக்கடுக்காக, வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கான தலைவர்கள் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'துடைத்தேன், உயர்ந்தேன்.' அதிகம் அச்சடித்தால் மலிவு என்று யாரோ சொல்லக்கேட்டு அடித்துத் தள்ளியது. கொடுக்க ஆள் இல்லாமல் கிடங்கில் இத்தனை நாள் கிடந்திருக்கிறது. புது மிஷின் வைக்க இடம் வேண்டும் என்று, யார் கண்ணிலும் படாமல் குப்பை மேட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

அக்கா ஒரு புத்தகத்தை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். அட்டை கல் மாதிரி இருந்தது.

உடனே போனைப் போட்டாள். அன்றைக்கு நான் அங்கே இல்லை. அவளே சொன்னதுதான், கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்லியிருப்பாள். லாரியில் இருப்பதைப் பார்த்துவிட்டேன் என்றாளாம். இவளும் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. "இதைப் போக விட வேணாம் தலைவரே. ஒருத்தர் கேட்டிருக்கார்" என்றாள்.

அவர் கேட்டார்: "என் புஸ்தகத்தையா? யாரு?"

"மேற்குத் தெரு நூலகத்துல. எத்தனை இருந்தாலும் வேணும்னாங்க. நல்லா உபயோகப்படுத்திக்குவாங்க தலைவரே."

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்று அக்கா இன்றுவரை சாதிக்கிறாள். அட்டை என்ற ஒரு சொல் விட்டுப்போனது, அவ்வளவுதானாம். தலைவர் லாரியை அங்கேயே திருப்பச் சொன்னார். இந்த விஷயம் எனக்குத் தெரிந்தபோது முட்டையே தேவலை என்று தோன்றியது. புகார் போச்சு, சரி; ஆனால் தன் முகத்தைப் பிய்த்து வேறு புத்தகத்தில் ஒட்டினது அவருக்குத் தெரிந்தால் நாற்காலி மட்டுமா போகும், எடைமேடையையே பெயர்த்துவிடுவார்.

இருந்தாலும் தைக்க உட்கார்ந்தோம். நான், அக்கா, நூலகர், பொழுது போகாமல் தினமும் பேப்பர் படிக்க வருகிற ஓய்வுபெற்ற ஆட்கள். உள்தாளைப் பதமாகப் பிரித்து எடுத்துவிட்டு, அட்டையை மட்டும் அளவுக்கு வெட்டி, தைத்த புத்தகத்தில் ஏற்றினோம். முகம் தெரியாமல் அட்டையைத் திருப்பிப் போடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். போட்டும் பார்த்தோம். முகம் இருந்த பக்கம் வழவழவென்று மினுக்கு ஏற்றியிருந்ததால் பசை பிடிக்கவே இல்லை. தாள் உரிந்து உரிந்து வந்தது. முகம் வெளியே, பசை உள்ளே, வேறு வழி கிடையாது. பொன் எழுத்தின்மேல் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி உண்மையான தலைப்பை எழுதினோம், சின்னதாக. சமையல் புத்தகத்தில் தலைவர். பம்பு ரிப்பேர் புத்தகத்தில் தலைவர். பிரசவ காலக் கையேட்டிலும் அதே சிரிப்போடு தலைவர். நூலகர் ஒருநாள் அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்று, திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தார். நாங்கள் அவரைப் பார்த்ததும் இருமுவதுபோல் பாவனை செய்தார்.

சங்கக் கூட்டத்தில் நூலகர் எழுந்தார், பூட்டிக் கிடந்த அறையைச் சீக்கிரம் திறக்கப் போவதாகச் சொல்லிப் பேட்டைக்கு நன்றி சொன்னார், உட்கார்ந்தார். அதோடு விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தலைவர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் நூலுக்கு வாசகர்கள் தரும் வரவேற்பை எல்லா முதலாளிகளும் நேரில் பார்க்க வேண்டும், அந்த அறை திறக்கிற அன்று எல்லோருமாகப் போகலாம் என்றார். அக்கா வீட்டுக்கு வந்து என் அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. நேரே போய் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். இரண்டு தடவை ஆலை வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்றாள்.

அந்த நாளும் வந்தது. நூலகம் இருந்த இருப்பை நான் என்னவென்று சொல்ல. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த புத்தகம் வெளியே வருகிறதென்று தெரு முழுக்க வந்திருந்தது. மேஜையில், படியில், ஜன்னல் கட்டையில் என்று இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து படித்தார்கள். அத்தனை பேர் கையிலும் தலைவர் முகம்.

தலைவர் வாசலில் காலை வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் பின்னால் வந்த முதலாளிகள் முட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது. அப்படியே பார்த்துவிட்டு அவர் திரும்பியிருந்தால் தப்பித்திருப்போம். ஆனால் மூலையில் ஒரு பெரியவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். தலைவருக்கு ஆசை தாங்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து, எந்த இடம் படிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"அந்தப் பேய்க்குப் பொண்ணு பார்க்கப் போறாங்களே, அந்த இடம்" என்றார் பெரியவர்.

தலைவர் புத்தகத்தை வாங்கினார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். அடுத்த மேஜைக்குப் போய் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அது பம்பு ரிப்பேர். நூலகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தனை செந்தமிழும் கைவிட்டுவிட, "அது வந்து சார்" என்பதற்குமேல் வரவில்லை. தலைவர் பேய்ப் புத்தகத்தோடு அந்தப் பெரியவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். படித்தார். நாங்கள் நின்றோம். அத்தியாயம் முடிகிறவரை படித்தார். நடுவில் ஒரு இடத்தில் அவர் வயிறு குலுங்கியதை நான் பார்த்தேன்.

பிறகு மூடிவைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "உள்ள இருந்த தாளெல்லாம் என்ன ஆச்சு?"

ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம், இன்னொருத்தர் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். என் கையை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் போனாள்.

"விளக்குக்குக் கண்ணாடி ஊதுறாங்களே, அவங்க வாங்கிட்டுப் போனாங்க தலைவரே. ஒவ்வொரு கண்ணாடியையும் உங்க தாள்ல சுத்தி வெளியூருக்கு அனுப்பினாங்க."

"என் வாழ்க்கையில சுத்தியா?"

"ஆமா தலைவரே."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவுடைய சாமான்களை எந்தப் பையில் போட்டு எடுத்து வருவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த அறையில் ஒரு பென்சில், ஒரு தண்ணீர்ச் சொம்பு, ஒரு முக்காலி, வேறு என்ன இருக்கிறது.

"போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்டார்.

"சேர்ந்துச்சு. எப்பவும் பெட்டிக்கு ஒண்ணு ரெண்டு உடையுமாம். இந்தத் தடவை ஒண்ணுகூட உடையலைன்னு போன் பண்ணிச் சொன்னாங்க."

தலைவர் மடியில் இருந்த புத்தகத்தின்மேல் தன் முகத்தையே உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தார். எழுந்து, அதைத் தான் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று நூலகரிடம் கேட்டு, பெயர் பதிந்துகொண்டார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"வீட்டுப் பரண்ல இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில அனுப்புறேன்" என்றார். "எடைமேடையில நீங்கதானே இருப்பீங்க?"

"நான்தான் தலைவரே" என்றாள் அக்கா. "வேற யாரு இருப்பா."